சீல் பிரிக்காத பெட்டியில் சிடி குறைந்தால் யார் பொறுப்பு?

பட்டாசு கிப்ட் பாக்ஸ், பொங்கல் செட்டு, நான்கு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று சுற்றி ஒட்டிய கட்டு: இப்படி எண்ணிக்கையை அட்டையில் அச்சிட்டு, சீல் வைத்து வருகிற சரக்கு நம் கடைகளில் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. பிரித்தால் சரக்கு விலைபோகாது. பிரிக்காமல் விற்றால், குறைவு வந்தபோது வாடிக்கையாளர் வந்து நிற்பது கம்பெனி வாசலில் அல்ல, நம் கல்லாவுக்கு எதிரில்தான்.

இந்தப் பாடத்துக்குச் சினிமா சிடிப் பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் சிடிக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒன்று குறைந்தால் மொத்தமும் வீண் என்பது அந்தச் சரக்கில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரிவதில்லை. எங்கள் கை சுட்டதும் அதில்தான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விசிடியில் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு விசிடியில் 74 நிமிடம், மிஞ்சிப்போனால் 80 நிமிடம்தான் பதியும். நம் தமிழ்ப் படமோ பெரும்பாலும் இரண்டரை மணி நேரம் ஓடும். ஆகவே ஒரே படம் இரண்டு சிடி, சில சமயம் மூன்று சிடியாக வரும். இரண்டாவது சிடி இல்லாவிட்டால் இடைவேளையோடு படம் முடிந்தது. வாங்கியவர் பாதிப் பணத்தைக் கேட்க மாட்டார், முழுப் பணத்தையும் கேட்பார். அது நியாயமும்கூட. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, அதுவரை தனிக் கடையில் விற்ற சரக்கு மளிகைக் கடை வாசலுக்கே வந்துவிட்டது. (அந்த நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போனது வேறு கதை.) 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை சி2எச் என்ற ஏற்பாட்டின் மூலம் 50 ரூபாய் டிவிடியாக முகவர்கள் வழியே நேரே வீடுகளுக்கு விற்கப் பார்த்தார். ஆக, சிடி விற்பது நமக்கு அந்நியத் தொழில் அல்ல.

இப்போது படமெல்லாம் செல்போனில் வந்துவிடுகிறது. இருந்தும் டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தபால்தலை, பழைய காசு சேர்ப்பவர்களைப் போல ஒரு ரகம். இவர்களுக்கென்றே வெளிநாட்டில் சில நிறுவனங்கள் ‘லிமிடெட் எடிஷன்’ போடுகின்றன. குறிப்பிட்ட சில ஆயிரம் பெட்டிகள் மட்டும்தான் அடிப்பார்கள். இங்கிலாந்தின் இண்டிகேட்டர் போன்ற நிறுவனங்கள் பெட்டிக்குப் பெட்டி வரிசை எண்ணும் இடும். உள்ளே மூன்றோ நான்கோ டிஸ்க், ஒரு புத்தகம், சுவரொட்டி என்று அடுக்கியிருக்கும். விலை ஆயிரங்களில் போகும்.

அப்படி ஒரு பெட்டியைப் பிரித்து, டிஸ்க் உட்காரும் இடம் ஒன்று காலியாக இருப்பதைப் பார்த்தவரின் வயிற்றெரிச்சலை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் பித்தளை அடுக்கு இருக்கும். ஏழில் நடு அடுக்கு ஒன்று போனால் மிச்சம் ஆறும் பாத்திரம்தான், ஆனால் அது அடுக்கு அல்ல. அதே கதைதான். கடைக்காரர் ‘வேறு பெட்டி மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லவும் வழியில்லை. அடித்த பெட்டியெல்லாம் தீர்ந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலோ அவருக்கு இன்னும் மோசம், கைக்கு வந்த பொருளும் போய்விடும். பெட்டியைக் கொடுத்து வேறு வாங்கினால் வரிசை எண் மாறிவிடும். இவருக்கு வேண்டியது பணமும் அல்ல, வேறு பெட்டியும் அல்ல. குறைந்த அந்த ஒரு டிஸ்க் மட்டுமே. அதை மட்டும் தனியே எடுத்துத் தரக்கூடியவர் அடித்த கம்பெனிக்காரர் ஒருவர்தான். கடைக்காரரால் முடியாது. தகராறு முழுவதும் இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டு நிற்கிறது.

கம்பெனி மனம் வைத்தால் முடிச்சு அவிழும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2002 கடைசியில் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படங்கள் மூன்றையும் ஒரே டிவிடிப் பெட்டியாக வெளியிட்டது. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் படத்தின் சட்டம் சில காட்சிகளில் தவறாக வெட்டப்பட்டிருந்தது. டிஸ்க் குறையவில்லை, டிஸ்க்கில் இருந்த படம் குறைந்தது. வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு டிஸ்க்குகளை மட்டும் நிறுவனம் வாங்கிக்கொண்டு திருத்தியதைத் தந்தது. திருத்திய டிஸ்க்கின் மேல் ‘வி2’ என்று அடையாளமும் அடித்திருந்தார்கள். கடையில் இருப்பது பழைய லாட்டா புதிய லாட்டா என்பதை அந்த இரண்டெழுத்தே சொல்லிவிடும். நம் சரக்கில் பேட்ச் நம்பர் செய்கிற வேலையும் அதுதான். அதை நாம் யாரும் படிப்பதில்லை.

இனி எங்கள் கதை. 2009 தீபாவளிக்கு முன் எங்கள் கடைக்கு ஒரு ஏஜெண்டு மூலம் ஆறு பெட்டி வந்தது. பழைய படங்கள் ஐந்து, டிவிடி ஐந்து, தீபாவளிக்கென்று அடித்த தனிப் பெட்டி, இந்த ஒரு தடவைதான் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பெட்டி உடனே போய்விட்டது. நான்காவதை வாங்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஹரித்ராநதிப் பக்கம் வீடு. இருபது வருடத்துக்கு மேல் மாதக் கணக்கு எங்களிடம்தான். பழைய படம் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் ஒரு அலமாரியே வைத்திருந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே மஞ்சள் பையோடு வந்து நின்றார். “தம்பி, அஞ்சு படம்னு போட்டிருக்கு. நாலுதான் இருக்கு” என்றார். நாங்கள் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. “சார், சீல் ஒட்டினபடியேதான கொடுத்தோம்” என்றோம். அவர் சத்தம் போடவில்லை. “நான் எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டு வந்து கேக்குறேன்னு நினைக்கிறியாப்பா?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டால், சீல் பிரித்த சரக்கைக் கம்பெனி எடுக்காது, அந்தப் பெட்டி இனி வரவும் வராது என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அடுத்து எங்கள் சந்தேகம் கடைப் பையன் மேல் திரும்பியது. கடை டிவியில் அவன்தான் சிடி போட்டுக் காட்டுவான். திருடினாய் என்று வாய் விட்டுச் சொல்லவில்லை. கிடங்குச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஆசிரியர் வீட்டுச் சாமான் லிஸ்டும் வரவில்லை.

தை மாதம் மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தோம். ஒன்றில் ஐந்தும் இருந்தன. மற்றதில், சீல் கொஞ்சமும் கலையாத பெட்டியில், ஐந்தாவது இடம் காலி. ஆசிரியர் விட்டுப்போன பெட்டியில் இல்லாத அதே படம்தான் இதிலும் இல்லை. மூன்றையும் கடைக்குக் கொண்டுவந்து தராசில் வைத்துப் பார்த்தோம். ஐந்தும் இருந்த பெட்டி மற்ற இரண்டையும்விட 15 கிராம் கூடுதலாகக் காட்டியது. ஒரு டிவிடியின் எடை 15, 16 கிராம். பிரிக்காமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். காலையிலிருந்து இரவு வரை எடை போட்டே பிழைக்கிறோம், தராசோ கல்லாவுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. ஆசிரியர் வந்து நின்ற அன்று அவருடைய பெட்டியையும் விற்காத பெட்டிகளையும் மாறி மாறித் தூக்கி வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

முழுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொண்டார், காப்பியும் கொடுத்தார். மாதக் கணக்கு திரும்பி வர ஒரு வருடம் ஆயிற்று. பையனின் வீட்டுக்கும் போனோம். அவன் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தான். அவன் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

தராசு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. சீல் உள்ள இரண்டு பெட்டியை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்து, எடை சமமாக இருக்கிறது என்று திருப்திப்படக் கூடாது. இரண்டிலுமே ஒன்று குறைந்திருந்தாலும் சமமாகத்தான் காட்டும். லாட்டில் ஒரு பெட்டியையாவது பிரித்து எண்ணி, அந்த எடையைக் குறித்து வைத்துக்கொண்டு அதோடு மற்றவற்றை ஒப்பிட வேண்டும். இன்னொன்று, ஒரே டிஸ்க்கை இரண்டு தடவை வைத்து வேறொன்றை விட்டுவிடுகிற தவறும் கையால் அடுக்குகிற இடத்தில் நடக்கும். அதைத் தராசு காட்டாது. பட்டாசுப் பெட்டிக்கும் இது அப்படியே பொருந்தும், ஒரு ரகத்துக்குப் பதில் வேறு ரகம் இருந்தால் எடையில் பிடிபடாது. அட்டை, காகிதம் இவற்றால் பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் வருவதும் சகஜம். ஆகவே குறைகிற பொருளின் எடை அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால்தான் இந்த முறை பலிக்கும். தராசின் முத்திரை காலாவதியாகாமல் இருப்பதும் முக்கியம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத தராசில் போட்ட எடையை ஆதாரமாகக் காட்டப் போனால், முத்திரை ஆய்வாளர் முதலில் கேட்பது நம்மைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி, எடையால் விற்பதற்கு எடையும் எண்ணிக்கையால் விற்பதற்கு எண்ணிக்கையும் அட்டையில் இருந்தாக வேண்டும். தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் இவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கைக் கொள்முதல் செய்யாதீர்கள். குறைவு வந்தால் கை காட்ட ஆள் இருக்காது. பொட்டலத்துக்குள் இருக்கும் அளவு குறைந்தால் அந்தத் தவறுக்கான தண்டனையை 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தயாரிப்பவர், பொட்டலமிடுபவர், இறக்குமதி செய்பவர் பேரில்தான் சொல்கிறது. ஆனால் அட்டையில் அச்சிட வேண்டியது அச்சிடப்படாத பொட்டலத்தை விற்றால் விற்பவரும் அதே பிரிவுக்குள் வந்துவிடுகிறார்.

நுகர்வோர் சட்டம் வேறு கணக்கு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘குறைபாடு’ என்பதற்குத் தரக் குறைவு மட்டும் பொருள் அல்ல, அளவுக் குறைவும் சேரும். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லியிராவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுத்தால் அது முறையற்ற வணிகச் செயல் என்று 2(47)-ஆம் பிரிவு சொல்கிறது. நம்மில் பலர் பில்லின் அடியில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சடித்து வைத்திருக்கிறோம். ஐந்துக்கு நான்கு இருக்கும் பெட்டி விஷயத்தில் அந்த வரி நம்மைக் காப்பாற்றாது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பிரிவில் தவறு.

இதே போல நாம் மேலே திரும்பிக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பேசியதைவிடக் குறைவான அளவு சரக்கு வந்தால் வாங்குபவர் அதை மறுக்கலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 37-ஆம் பிரிவு சொல்கிறது. ஏஜெண்டுக்கு எதிரில் நாமும் ஒரு வாங்குபவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் வருத்தப்படுவாரே என்று வாயை மூடிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் மட்டும் சட்டம் பேசுகிறோம்.

ஒரு பிஸ்கட்டுக்காக வழக்கு நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஐடிசி நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருந்தது, உள்ளே 15 இருந்தது. நாங்கள் விற்பது எடையால், எண்ணிக்கையால் அல்ல என்று நிறுவனம் வாதாடியது. அட்டையில் இருந்த எடை 76 கிராம். நிறுத்தபோது 74 கிராம்தான் இருந்தது. எடையில் 4.5 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்ற விதியைக் காட்டியும் பலிக்கவில்லை. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. அட்டையில் இரண்டு கணக்கு அச்சிட்டால் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

2024-இல் கேரளத்தில் திருச்சூர் ஆணையம் தீர்த்த பிரிட்டானியா பிஸ்கட் வழக்கு நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. 300 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் எடை குறைந்திருந்தது. தயாரித்த நிறுவனத்தோடு, சீலைப் பிரிக்காமல் விற்ற பேக்கரியும் சேர்த்தே இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாங்கள் உள்ளே கை வைக்கவில்லை என்ற பேச்சு எப்போதும் எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது.

எங்கள் கடையில் இப்போது செய்வது இதுதான். செட்டுச் சரக்கு வந்தால் இறக்குகிற ஆளை நிற்க வைத்து ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணி, எடையையும் பேட்ச் நம்பரையும் கொள்முதல் பில்லின் பின்புறம் எழுதி ஏஜெண்டின் ஆளிடம் கையெழுத்து வாங்குகிறோம். முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. பிரித்த பெட்டி பார்வைக்கு வைக்க உதவுகிறது. விலை கூடின பெட்டியென்றால் வாடிக்கையாளர் எதிரிலேயே தராசில் வைத்து எடையைப் பில்லில் எழுதுகிறோம். “இங்கேயே பிரிச்சுப் பார்த்துக்குங்க” என்றும் சொல்கிறோம். கல்யாணத்துக்குப் பரிசாக வாங்குபவர் பிரிக்க மாட்டார். அவரிடம் எண்ணிக்கை குறைந்தால் இத்தனை நாளில் சொல்லுங்கள் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வெளியூரிலிருந்து பார்சலில் வருகிற சரக்கைப் பிரிப்பதைப் பையன்கள் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கம்பெனிக்காரர் கேட்டால் அனுப்பலாம்.

குறைவு என்று ஒருவர் வந்து நின்றால், முதலில் பெட்டியை வாங்கி நிறுத்துவிட்டு அதன் பிறகுதான் பேசுகிறோம். விற்காத பெட்டிகளின் எடையையும் அவர் கண் முன்னாலேயே பார்க்கிறோம். மாற்றிக் கொடுக்கிற சரக்கு இருந்தால் அன்றே கொடுத்துவிட்டு, குறைந்த பெட்டியை எடை, பேட்ச் நம்பர், தேதியோடு ஏஜெண்டுக்கு எழுத்தில் அனுப்புகிறோம். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அவர் ஒத்துக்கொண்டால் ஜிஎஸ்டிக் கணக்குக்கு ஒத்துவரும்படி கிரெடிட் நோட்டாகவே வாங்கிவிட வேண்டும். அடுத்த பில்லில் தள்ளிக்கொள்கிறேன் என்ற வாய்ப்பேச்சு வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் தலைவலியாக முடியும். மாற்றுப் பெட்டியே கிடையாது என்கிற லிமிடெட் எடிஷன் ரகமாக இருந்தால், பணம் வேண்டுமா, கம்பெனியிடம் அந்த ஒரு உருப்படியை மட்டும் கேட்டு வாங்கித் தரட்டுமா என்று வாடிக்கையாளரையே கேட்டுவிடுகிறோம். பிரித்த பெட்டியை அவரிடமே விட்டுவைக்கிறோம். கம்பெனி கேட்கிற பெட்டி எண், பார்கோடு, பில் நகல் மூன்றையும் நாமே எழுதி அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கிறது. அப்படியும் கம்பெனி அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை வாடிக்கையாளருக்கு நாமே சொல்லிவிடுகிறோம். தன் மேல் வந்துவிடுமோ என்று அதை மறைக்கிற கடைக்காரரும் உண்டு. பில்லில் எடை எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பயம் தேவைப்படாது.

தீபாவளிப் பெட்டிகள் புரட்டாசிக் கடைசியிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். நெருக்கடி நேரத்தில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுக்க ஆள் கிடைக்காது. லாட்டுக்கு ஒன்று பிரித்து எண்ணி, கட்டுக்கு இரண்டு நிறுத்தால் போதும். முத்திரை தேதியை அதற்கு முன்பே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.